இரண்டாவது பொட்டலம்

எனக்கு மாத்திரை விழுங்குவதில் சிரமமே கிடையாது. தண்ணீர்கூட வேண்டாம், அப்படியே இறங்கிவிடும்.

தண்ணீர் மோட்டார் விற்கிறவன் நான். மாதத்தில் பாதி நாள் வெளியூர், விடுதி அறை. மனிதன்தானே? ஒருமுறை திரும்பி வந்ததும் சிறுநீர் கழித்தால் எரிந்தது. சமர்த்தாக நானே பரிசோதனை நிலையத்துக்குப் போய்க் குப்பியை நிரப்பிக் கொடுத்தேன். மறுவாரம் நர்ஸ் என்னை உட்காரவைத்து, உடலுறவில் பரவும் கிளமிடியா தொற்று என்றார். பூச்செடிப் பெயர் போல இருக்கிறதே என்றேன். சிரித்துவிட்டார்.

இரண்டு பொட்டலங்களை நீட்டினார்.

"இது உங்களுக்கு, இது உங்க வீட்டுக்காரம்மாவுக்கு. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாம உள்ளயே இருக்கும் சார். விட்டுட்டா கருக்குழாய் அடைச்சுக்கும், அப்புறம் குழந்தை பிறக்கிறது கஷ்டம். கண்டிப்பா குடுத்துடுங்க."

"குடுக்காம இருப்பேனா சிஸ்டர்?"

கொடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் என் மனைவி தலைவலி மாத்திரைக்கே அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிப்பவள். எதற்கு என்று கேட்பாள். புதிதாகக் கல்யாணமான பெண்ணின் மனதை நோகடிப்பதா? பொட்டலத்தைப் பயணப்பைக்குள் போட்டுவைத்தேன். இன்னொரு பயணத்துக்குப் பிறகு எனக்கு மறுபடி எரிந்தது. நல்லவேளை, மருந்து கையிலேயே இருந்தது.

அவளுக்கு அடிவயிறு வலிக்க ஆரம்பித்தபோது வெந்நீர்ப்பை வாங்கிவந்து ஒத்தடம் கொடுத்ததும் நான்தான்.

சில வருஷங்கள் போயும் குழந்தை இல்லை. டாக்டரிடம் போனோம். இரண்டு குழாயும் அடைத்திருக்கிறது, பழைய தொற்றாக இருக்கலாம் என்றார். என்னைப் பார்த்து, "உங்களுக்கு இந்த மாதிரி ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதாள். "சத்தியமா உங்களைத் தவிர யாரையும் எனக்குத் தெரியாதுங்க."

"நான் ஏதாவது கேட்டேனா?" என்றேன். பாவமாகத்தான் இருந்தது.

என் அம்மா வேறு பெண் பார்க்கலாம் என்று இன்றைக்கும் நச்சரிக்கிறாள். நான் மசியவில்லை. இப்போதெல்லாம் என் மனைவி, தனக்கே நினைவில்லாமல் ஏதாவது நடந்திருக்குமோ என்று என்னையே கேட்கிறாள். எதுவாக இருந்தாலும் நான் மன்னித்துவிட்டேன் என்று அவள் தலையைத் தடவிச் சொல்லியிருக்கிறேன். எத்தனை கணவர்கள் சொல்வார்கள்?