மிளகாய் கருகிய நாள்

சுசீலா: எனக்குச் சரியா ஞாபகம் இல்ல மதி. நானா ஏதாச்சும் சேத்துச் சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு. அன்னிக்கு மழை பெஞ்சுதுன்னு நினைக்கிறேன்... இல்ல, அது வேற நாளா இருக்கும்.

சந்திரமதி: மழை இல்லக்கா.

சுசீலா: பாத்தியா, மழையே தப்பு. மிளகா கருகின நெடி மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. காரிடார் பூரா ஒரே இருமல். அதுகூட அன்னிக்குத்தானா, இல்ல...

சந்திரமதி: அந்தக் கத்திரிக்காய இந்தப் பக்கம் தள்ளுங்க.

சுசீலா: இதுக்குத்தான் சொல்றேன். ஞாபகம் சரியில்லாதவள உன் பொண்ணப் பாத்துக்கிற வட்டத்துல வைக்காத. சோஷியல் வொர்க்கர் மயூராகிட்ட வேற பேரு சொல்லிடு.

சந்திரமதி: மீட்டிங் பதினோரு மணிக்கு. பக்கத்து ரூம்ல நாற்காலி எல்லாம் போட்டாச்சு. இப்பப் போய் யாரைச் சொல்ல?

சுசீலா: நம்ம மளிகைக் கடை மாசிலாமணி இல்லையா?

சந்திரமதி: அவரு ஏற்கெனவே இருக்காரு. நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் நிவி அவரு கடையிலதான் உக்காந்திருக்கப் போறா. ஸ்கூல் பஸ் ஓட்டுற இருதயராஜ் அண்ணன் ஒத்துக்கிட்டாரு. பூன் லேயிலேருந்து எங்க அக்கா கண்மணி. அவங்க வீட்டுலதானே இத்தனை நாளும் புள்ள இருக்கா... நாலாவதா பக்கத்து வீட்டு ஆளு ஒருத்தர் இருந்தே ஆகணுமாம். சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாம நிவிய வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்களாம்.

சுசீலா: கடைசி வீட்டு மலாய்க்கார அம்மா இருக்காங்களே.

சந்திரமதி: நல்லவங்கதான். காது கேக்காது.

சுசீலா: காது கேக்காததும் சில நேரம் நல்லதுதான்.

சந்திரமதி: எங்க வீட்டுக்கு நல்லதில்லக்கா... என்ன, கண்ணைத் தொடைக்கிறீங்க?

சுசீலா: ஒண்ணுமில்ல. வெங்காயம்.

சந்திரமதி: நீங்க வெட்டுறது கேரட்டு.

சுசீலா: ...வாய் ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு. தள்ளு, தாளிக்கணும்.

சந்திரமதி: நான் தாளிக்கிறேனே இன்னிக்கு.

சுசீலா: நீயா? கருக விட்டுடுவே. இன்னிக்குக் காய்கறி பூக்கடைக்காரங்க முறை. பாவம், விடியறதுக்குள்ள மார்க்கெட் போய்த் தூக்கிட்டு வந்திருக்காங்க. போன சனிக்கிழமை துணிக்கடைக்காரங்க அரிசி மூட்டைய அவங்களே மாடிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. வர்ற பிள்ளைங்களுக்கு ஒரு வேளை நல்லா சாப்பாடு போடணும்னு இத்தனை பேரு இருக்கும்போது, நாம அதைக் கருக்கி வைக்கக் கூடாது லா.

சந்திரமதி: சரி, நீங்களே தாளிங்க... ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன்.

சுசீலா: கேளு.

சந்திரமதி: நிவி இந்த மையத்துக்கு வர ஆரம்பிச்ச அடுத்த வாரமே நீங்களும் சமைக்க வந்துட்டீங்க. எப்படி?

சுசீலா: ஆள் வேணும்னு கோயில்ல சொன்னாங்க.

சந்திரமதி: எந்தக் கோயில்ல?

சுசீலா: ...பெருமாள் கோயில்ல.

சந்திரமதி: நீங்க போறது காளியம்மன் கோயிலுக்கு.

சுசீலா: ஒரு நாள் மாறிப் போனேன். ஏன், போகக் கூடாதா?

சந்திரமதி: போகலாம், போகலாம்.

சுசீலா: மதி... வட்டத்துல உக்காந்தா பிள்ள ஆளுக்கு ஒரு கேள்வி கேப்பாளாமே.

சந்திரமதி: ஆமா. இங்க அப்படித்தான் வழக்கம். பிள்ள கேட்டா பெரியவங்க உண்மையத்தான் சொல்லணும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம். பொய் மட்டும் கூடாது. மாசிலாமணி அண்ணன்கிட்ட போன வாரமே கேட்டுட்டா. அப்பா கடைக்கு வந்து கூப்பிட்டா என்னை அனுப்புவீங்களான்னு.

சுசீலா: அவரு என்ன சொன்னாரு?

சந்திரமதி: தரையவே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம், ஷட்டரை இறக்கிட்டு மயூராவுக்குப் போன் போடுவேன்னு சொன்னாரு. அவ உடனே, ஷட்டர் இறக்கியிருக்கிறப்ப ஐஸ்கிரீம் எடுத்துக்கலாமான்னா. அது ரெண்டாவது கேள்வி, செல்லாதுன்னுட்டாரு.

சுசீலா: கெட்டிக்காரி... என்கிட்ட என்ன கேப்பா?

சந்திரமதி: எங்கிட்டயே சொல்ல மாட்டேங்கிறா.

சுசீலா: எனக்குத் தெரியும். அன்னிக்கு நான் அலறுனது உங்களுக்குக் கேட்டுச்சான்னு கேப்பா.

சந்திரமதி: கேட்டா சொல்லுங்க. அக்கா, கடுகு போடுங்க. எண்ணெய் காஞ்சிடுச்சு.

சுசீலா: அன்னிக்குக் காரிடார்ல நின்னு நீ கத்துனது ஞாபகம் இருக்கா?

சந்திரமதி: இருக்கு.

சுசீலா: போலீஸ் வந்து உன் புருஷன் ரகுபதியக் கூட்டிட்டுப் போன பிறகு. நிவிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக உங்க அக்கா வந்து நின்னாங்க. நீ என் கதவுக்கு முன்னாடி நின்னு, போன் பண்ணவ எவளோ அவ வீட்டுல விளக்கு எரியக் கூடாதுன்னு கத்துன. நான் உள்ள... சாமி விளக்குக்கு எண்ணெய் ஊத்திட்டு நின்னேன். ஊத்தின எண்ணெய் ஊத்தினபடியே இருந்துச்சு. ரொம்ப நாள் ஏத்தல. கை போகல.

சந்திரமதி: அக்கா.

சுசீலா: நான்தான் மதி போன் பண்ணேன். அவன் ஜெயிலுக்குப் போனது, புள்ள உன்னை விட்டு பூன் லேக்குப் போனது, எல்லாமே என் ஒரு போனால. அதுக்காக நான் வருத்தப்படல. இன்னிக்குக் கேட்டாலும் பண்ணுவேன். ஆனா உன் வீட்டைப் பிரிச்சவ உன் புள்ளையோட வட்டத்துல உக்காரலாமா? அவ கேட்டா நான் பொய் சொல்ல முடியாது. உண்மையச் சொன்னா நீ அதைக் கேட்டுட்டு அங்க உக்காந்திருக்கணும். அதான்... வேற ஆளைப் பாருன்னேன்.

சந்திரமதி: அடுப்பைக் குறைங்க.

சுசீலா: மதி.

சந்திரமதி: தெரியும்க்கா.

சுசீலா: ...என்ன தெரியும்?

சந்திரமதி: நீங்கதான்னு.

சுசீலா: மயூரா சொன்னாளா?

சந்திரமதி: மயூரா சாமி மாதிரி. கேட்டாலும் வாயத் திறக்க மாட்டாங்க. எங்க சன்னலை ஒட்டி இருக்கிறது உங்க கதவு. வேற யாருக்குக் கேக்கும்?

சுசீலா: தெரிஞ்சேவா அப்படிக் கத்துன?

சந்திரமதி: எங்க மாமியார் உள்ள நின்னுட்டு இருந்தாங்க. அவங்களுக்கு உங்க மேல சந்தேகம் வரக் கூடாது, என் மேலயும் வரக் கூடாது. யாருன்னே தெரியாத ஒருத்தியத் திட்டுற மாதிரி இருக்கணும். அதுக்குத்தான் அவ்வளவு சத்தம். உங்க கதவுக்கு முன்னாடி நிக்கணும்னு நினைக்கல. நம்ம காரிடார் அவ்வளவுதான் நீளம். விளக்கு விஷயம் மட்டும்... வாயில வந்துடுச்சுக்கா. நீங்க ஏத்தாம இருந்தது எனக்குத் தெரியாது.

சுசீலா: விடு.

சந்திரமதி: மயூரா முதல்ல என்கிட்ட யாரைச் சேக்கலாம்னு கேட்டப்ப, நான் சொன்ன முதல் பேரு எங்க அக்கா பேரு இல்ல. உங்க பேரு.

மயூரா: சுசீலா ஆன்ட்டி, மதி அக்கா, வரலாமா? எல்லாரும் வந்துட்டாங்க. நிவி அவளே நாற்காலிய மாத்திப் போட்டுட்டா, யாரு யாரு பக்கத்துலன்னு. ஆன்ட்டி... நீங்க வர்றீங்கதானே?

சுசீலா: இந்த ஏப்ரனைக் கழட்டணுமாம்மா?

மயூரா: வேண்டாம் ஆன்ட்டி. சாம்பார் வாசத்தோடயே வாங்க.

*

மயூரா: ஊர்லேருந்து வந்து இன்னும் பெட்டியக்கூடப் பிரிக்கல. லீவு முடிஞ்சு நேரா இங்கதான் வர்றேன். சொல்லுங்க, எல்லாரும் எப்படி இருக்காங்க?

சந்திரமதி: அக்காவ விடுங்க சொல்லட்டும். அவங்கதான் இப்ப எங்க வீட்டு நியூஸ்.

சுசீலா: நிவி வீட்டுக்கு வந்துட்டா. ராத்திரி லைட் போட்டுத்தான் தூங்குறா, ஆனா தூங்குறா. சனி ஞாயிறுன்னா கண்மணி பூன் லேயிலேருந்து வந்துடுவாங்க. இருதயராஜ் அவளை ஏத்தினதும் இறக்கினதும் மதிக்கு ஒரு மெசேஜ் போடுறாரு. மாசிலாமணி கடையில ஐஸ்கிரீம் பெட்டிக்கு இப்பப் பூட்டு போட்டிருக்கு.

மயூரா: ரகுபதி?

சுசீலா: ஜெயில்லேருந்து வந்ததும் துவாஸ்ல வேலை, தங்குறதும் அங்கேயே. கோர்ட்டு சொன்னபடி வீட்டுப் பக்கம் வர்றதில்ல. பாக்கணுமான்னு உங்க ஆளுங்க நிவிகிட்ட கேட்டாங்க. இப்ப வேண்டாம்னுட்டா. அவன் சரின்னுட்டானாம். மாமியார் சின்ன மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க.

மயூரா: அன்னிக்கு வட்டத்துல அவ உங்ககிட்ட கேட்ட கேள்விய நான் மறக்கவே இல்ல ஆன்ட்டி.

சுசீலா: நானும் என்னென்னமோ பயந்துட்டுப் போனேன். ஒண்ணும் நடக்காட்டியும் உங்க வீட்டு பெல் அடிக்கலாமான்னு கேட்டா. அடிக்கலாம்னேன். தப்பு பண்ணிட்டேன். நாளைக்குப் பத்து தடவை அடிக்கிறா.

மயூரா: சரி, நான் போய்த் தட்டு எடுத்து வைக்கிறேன். பிள்ளைங்க வந்துடுவாங்க.

சுசீலா: மதி, கரண்டியக் குடு. தாளிக்கிறது நான்.

சந்திரமதி: இத்தனை மாசத்துல ஒரு தடவையாச்சும் கருக விட்டிருக்கேனா?

சுசீலா: நான் விட்டாத்தானே? அன்னிக்கு ஒரு தடவை போதாதா. நான் கதவைத் திறந்துட்டு இருமிக்கிட்டே வெளிய வந்தேன்... ஆனா யோசிச்சா அதுவும் நல்லதுக்குத்தான். நெடி போகட்டும்னு சன்னலைத் திறந்த பாரு, அதனாலதான் எனக்குக் கேட்டுச்சு. எப்பவும் சாத்தியே இருக்கிற சன்னல். கடவுளாப் பாத்துக் கருக விட்டிருக்காரு... ஏன் இப்படிப் பாக்குற?

சந்திரமதி: அன்னிக்கு என் போன் நிவி அப்பா கையில இருந்துச்சு. கதவுச் சாவி அவரு பாக்கெட்டுல. மிளகா டப்பா மட்டும்தான்க்கா என் கையில இருந்துச்சு.