சற்று முன் நடந்தது என்ன

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே சொல்வார்கள். அதனால் உங்கள் குழந்தைகள் நல ஆபீசில் வாங்கி வைத்திருக்கும் அந்த நோட்டைப் படிக்க உங்களுக்குச் சிரமம் இருந்திருக்காது, மேடம். என் மனைவி எழுதியிருந்தால் கோழி கிளறியது மாதிரி இருந்திருக்கும்.

நான் பூட்டுத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். ஒவ்வொரு மாதிரித் தாழ்ப்பாளையும் ஆயிரம் தடவை போட்டு எடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் வேறு ஆளாக மாற எனக்குத் தெரியாது. அது குற்றம் என்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

மகள்மேல் நான் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. இதை முதலில் எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெல்ட்டால் விளாசுகிறார், அவரை யாரும் கூப்பிட்டு விசாரிக்கக் காணோம். எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே பழைய சாமான் போடும் அறை ஒன்று உண்டு. தப்புச் செய்தால் அதற்குள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். பாலைக் கொட்டினால் பத்து நிமிடம், பொய் சொன்னால் இருபது. அழுதால் மறுபடி முதலிலிருந்து. ஸ்டாப்வாட்ச் வைத்துத்தான் பார்ப்பேன், ஒரு விநாடி கூட அதிகம் வைத்ததில்லை. ஆரம்பித்தபோது அவளுக்கு ஐந்து வயது. நியாயம் புரிகிற வயதுதானே.

பதினொரு வயதில் வலிப்பு வந்தது. திடீரென்று விழுவாள், கை கால் வெட்டி இழுக்கும், கூப்பிட்டால் கேட்காது. டாக்டரம்மா ஒரு நோட்டுப் போடச் சொன்னார். தேதி, நேரம், எத்தனை நிமிடம், சற்று முன் நடந்தது என்ன என்று நாலு கட்டம். மற்றவர்கள் நாலாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்களாம். நான் விடுவேனா? நாற்பத்தொரு தடவைக்கும் நாற்பத்தொரு வரி. ‘நான் வேலையிலிருந்து வந்தேன்.’ ‘சாமான் அறைத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன்.’ ‘பாலைக் கொட்டினாள், கூப்பிட்டேன்.’

ஆஸ்பத்திரியில் தலையெல்லாம் கம்பி ஒட்டி, கேமரா வைத்து மூன்று நாள் படுக்கவைத்தார்கள். இரண்டாம் நாள் மாலை நான் போய்க் கட்டிலருகே நின்றதும் வலிப்பு வந்தது. மூளை அலையில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டரம்மா.

“அப்ப நடிக்கிறா. அதைச் சொல்லுங்க,” என்றேன்.

“நடிப்பு இல்லைங்க. சின்ன வயசுல பட்ட பயம் சில பேருக்கு இப்படி உடம்புல வந்து நிக்கும். அவ நினைச்சாலும் நிறுத்த முடியாது.” நோட்டைப் புரட்டினார். “எல்லா வரியிலயும் நீங்க இருக்கீங்க. அந்தத் தாழ்ப்பாள் சத்தமே அவளுக்கு ஆகலை. கவனிச்சீங்களா?”

கவனிக்காமல் என்ன? அக்கறையுள்ள அப்பன் பக்கத்தில் இருக்கத்தான் செய்வான். நிறையப் படித்தால் நேரான விஷயம் கண்ணில் படாது போலிருக்கிறது.

நடிப்பு என்று தெரிந்தபின் திருத்தாமல் விட முடியுமா? நடிப்புக்கு முப்பது நிமிடம் என்று புதிதாக ஒரு விதி வைத்தேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் விழுந்து எழுந்தாள். “வேண்டாம்பா. இனிமே வராதுப்பா,” என்றாள். பாருங்கள், வராதாம்.

சரியாக எட்டு நிமிடம் ஆனபோது உள்ளே தடதடவென்று கேட்டது. அவள் கதவை உதைக்கிறாள் என்று நான் நினைத்துவிட்டதாக என் மனைவி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். பாவம், என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். உதைக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? அது தரையில் தலை மோதுகிற சத்தம். நாலு நிமிடம் பத்து விநாடி. மனைவி என் காலைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அப்புறம் உள்ளே சத்தமே இல்லை. இன்னும் பதினேழு நிமிடம் ஐம்பது விநாடி மீதி இருந்தது. காத்திருந்தேன்.

முன்பல் இரண்டும் போய், தாடை எலும்பும் முறிந்துவிட்டது. நாற்பத்திரண்டாவது வரியைப் பாருங்கள், நாலாவது கட்டத்தில் ‘உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டேன்’ என்று நானே எழுதியிருக்கிறேன். எதையும் மறைக்கிற பழக்கம் எனக்கில்லை.

இப்போது அவள் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். மூன்று வாரமாக ஒரு வலிப்பும் இல்லையாம். பெரியம்மா எதையோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். கண்டிப்பு நான் செய்தது, பேர் அவளுக்கு.

எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்? தாழ்ப்பாள் சத்தம்தான் அவளுக்கு ஆகவில்லை என்று டாக்டரம்மா சொன்னாரே, அதையும் மதித்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். ஆயிரம் தடவை சோதித்தாயிற்று. இனி வெளியே போடுவது உள்ளே இருப்பவளுக்குக் கேட்காது.