ஓரத்தில் இருப்பவர்கள்

பெரிய படப் புத்தகங்களை நிற்க வைக்கக் கூடாது, ஐயா. கனம் தாங்காமல் முதுகு விட்டுப்போகும். படுக்கத்தான் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி முப்பத்தொரு புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாமே மறுமலர்ச்சிக் கால ஓவியர்களைப் பற்றியவை, என் தம்பிக்காக நான் வாங்கியவை.

அப்பாவும் அம்மாவும் போனபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பத்தொன்பது. மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து அவனை ஆளாக்கினேன். பெண் கேட்டு வந்தவர்களை நானே திருப்பி அனுப்பினேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தினமும் சாப்பிட்டதும் ஒரு புத்தகத்தை மடியில் விரித்து எனக்குப் பாடம் நடத்துவான். சுவரில் பூசிய சுண்ணாம்பு காய்வதற்குள் எப்படி வரைந்து முடித்தார்கள், நீல நிறத்துக்கு எந்தக் கல்லை அரைத்தார்கள் என்றெல்லாம். பாதி புரியாது. அந்தக் குரல் போதும் எனக்கு.

இருபத்திரண்டு வயதில் அவன் கண்ணில் நீர் அழுத்தம் இருப்பதை டாக்டர் கண்டுபிடித்தார்.

"பயப்பட ஒண்ணுமில்ல. காலையும் சாயங்காலமும் சொட்டு மருந்து விட்டா பார்வை அப்படியே நிக்கும்."

நான்கு வருடம் நல்ல மருந்தைத்தான் விட்டேன்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. கடல் கடந்த ஒரு கல்லூரி, படத்தில் பார்த்ததையெல்லாம் நேரில் பார்த்துப் படிக்க அவனுக்கு இடம் கொடுத்திருந்தது. ஐந்து வருடப் படிப்பு. என்னைத் தூக்கிச் சுற்றினான்.

"அடுத்த வருஷம் கிளம்பறேன்க்கா. இனிமேலாவது நீ உன் வாழ்க்கையைப் பாரு."

அந்த வாழ்க்கை எங்கே இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை.

அந்த வாரமே குப்பியிலிருந்த மருந்தைக் கொட்டிவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்புக் கலந்து நிரப்பினேன். உப்பு எதற்கென்றால், அந்த மருந்து லேசாக எரியும். எரியாவிட்டால் அவனுக்குச் சந்தேகம் வரும்.

அந்த நோயில் வலி கிடையாது. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பார்வை ஓரத்திலிருந்துதான் குறையும். ஏழெட்டு மாதம் கழித்து, விருந்து மேசைப் படம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு சொன்னான்.

"அக்கா, இந்த ஓரத்துல உக்காந்திருக்கறவரு, தலையைத் திருப்பினாத்தான் தெரியறாரு."

"தூங்காம படிச்சா அப்படித்தான், கண்ணு."

டாக்டர் வேறு மருந்து எழுதினார். "ஒழுங்கா விடறீங்களா?" என்று என்னைத்தான் கேட்டார். அவன் முந்திக்கொண்டான்.

"அக்கா ஒரு வேளைகூடத் தவறினதில்ல டாக்டர்."

புதுக் குப்பியிலும் உப்புத் தண்ணீரையே நிரப்பினேன்.

பயணத்தை ஒரு வருடம் தள்ளிப்போட்டான். மறுவருடம், வர இயலாது என்று கல்லூரிக்கு எழுதச் சொன்னான். அவனால் எழுத முடியவில்லை, நான்தான் எழுதினேன். அதன்பிறகு பாடம் நடத்துவது என் வேலையாயிற்று. பக்கத்தைப் புரட்டி, யார் எங்கே நிற்கிறார்கள், என்ன நிறம் என்று சொல்வேன். தவறாகச் சொன்னால் திருத்துவான். அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். டாக்டர் குப்பியைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் இருந்திருந்தால், இன்றும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

தெரிந்துதான் செய்தேன். இரண்டு கண்ணையும் நான்தான் எடுத்தேன். இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. ஆனால் நான் அவனுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். பார்வை போன பிறகு, என்னை விட்டுப் போகிறேன் என்று அவன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.