மண்ணச்சநல்லூர் சம்மந்தியின் கால்

கால் வீங்குனா அதுக்கு நானா சார் பொறுப்பு? நீங்களே சொல்லுங்க! பஸ் ஜன்னல அப்புறம் பாக்கலாம், கொள்ளிடம் ஆறு எங்கயும் போயிடாது.

பாலக்கரையில ஷூ தெக்கிற சவரிநாதன்னா அம்பது வருசமாப் பேரு. பங்குச் சாமியார்லேர்ந்து காலேஜ் வாத்தியார் வரைக்கும் என் ஷூ போட்டு நடந்தவங்கதான். ஒருத்தர் நொண்டுனதா சரித்திரம் இல்ல. இப்ப பேத்தி பிரான்சிக்கு நிச்சயம். மாப்பிள்ளையோட அப்பா அற்புதசாமி, மண்ணச்சநல்லூர்ல ரைஸ் மில் வெச்சிருக்காரு. வெறுங்கையோட நிக்கலாமா? நானே ஒரு ஜோடி தெச்சுக் குடுத்தேன். கன்னுக்குட்டித் தோலு சார், வெண்ணெய்!

நிச்சயத்தன்னிக்கு அதப் போட்டுக்கிட்டு மனுசன் மாதா கோயில் வாசல்லேர்ந்து பீடம் வரைக்கும் நொண்டுறாரு... நொண்டுறாரு... பாட்டுப் பாடுறவங்க பாட்டையே முடிச்சுட்டாங்க, இவரு இன்னும் பாதி வழியில! போறப்ப ஷூவக் கையில தூக்கிக்கிட்டு சாக்ஸோட கார்ல ஏறுனாரு. "ஒரு ஷூ ஒழுங்காத் தரத் தெரியாத வீட்டுலயா பொண்ணெடுக்கறது?"ன்னு கேட்டாராம். கல்யாணத் தேதிய நிறுத்தி வெச்சுட்டாரு. பிரான்சி மூணு நாளாச் சாப்பிடல. எம் பொண்ணு பெலிண்டா, "நீங்களே போயி மன்னிப்புக் கேளுங்கப்பா, இல்லாட்டி வீட்டுக்கு வராதீங்க"ன்னு இந்த பஸ்ல ஏத்திவிட்டுட்டா. எனக்கு எழுபத்திநாலு, அவருக்கு அம்பத்தாறு. மன்னிப்பாம்!

தோல் மேல பழி போடலாம்னா, நல்ல தோலு. சுகர் இருக்கான்னு விசாரிச்சேன், இல்லையாம். பிரஷரும் இல்லையாம். மில் வெச்சிருக்கிற மனுசனுக்கு ஒரு வியாதிகூடவா இருக்காது?

என்னது... அளவா? நான்தான் எடுத்தேன். வக்கீலா நீங்க?

எங்க வீட்டுல காபி குடிச்சிக்கிட்டிருந்தாரு. காலுக்கடியில காகிதத்த வெச்சு, சுத்திப் பென்சில் ஓட்டுனேன். ஆளு நின்னாத்தான் சார் பாரம் எறங்கிப் பாதம் விரியும். உக்காந்த காலு ஒடுக்கம். தொழிலுக்கு வந்த மொத நாளே சொல்லிக் குடுத்துருவாங்க. பாவம், அவரு மூணு தடவ எந்திரிச்சாரு. நான்தான், "நீங்க எந்திரிக்கறதாவது சம்மந்தி!"ன்னு தோளப் புடிச்சு அமுக்கி அமுக்கி உக்கார வெச்சேன். மரியாதை சார்! அந்த மரியாதையில அரை இஞ்சு போச்சு.

பையிலயா? காகிதமும் பென்சிலுந்தான். மறுபடி அளவெடுக்கணுமே. இந்தத் தடவ அவர நிக்க வெச்சுட்டு, நான் கால்கிட்ட மண்டி போடணும். பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? கெழவன் கால்ல விழுந்துட்டான்னு...

அட! நெனைக்கட்டுமே சார்! மன்னிப்புன்னு நான் வாயே தொறக்க வேண்டாமே!

கண்டக்டர், மண்ணச்சநல்லூர் வந்துருச்சு, நிறுத்துங்க, எறங்கணும்!