உப்பு தூவுமுன் கடைசி ஓட்டம்

என் கையால் பூட்டிய போல்ட் ஒன்றுகூட இதுவரை கழன்று விழுந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. இரும்பு வார்க்கும் பவுண்டரியில் கிரேன்களைப் பராமரித்தே தலை நரைத்தவன் நான். ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். கோடு விலகியிருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். விபத்துக்குப் பிறகு ராய்ஸ் டட்டிலின் காரைக் கழற்றிப் பார்த்த உங்கள் போலீஸ் ஆட்கள் அந்தக் கோடுகளையெல்லாம் படம் பிடித்தார்களாம். ஒன்றும் விலகியிருக்கவில்லை. காரில் குறையில்லை, ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டீர்கள். காரைப் பற்றி எழுதியது சரி. நான் வந்தது மற்றதைச் சொல்ல.

அது அறுபத்தெட்டாம் வருஷத்து ஃபயர்பேர்ட். அந்தக் காலத்துக் கார்கள் நேர்ச்சாலையில் பாயப் பிறந்தவை. வளைவு வந்தால் வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்கிக் குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாயும். ஸ்டீயரிங்கைக் கொஞ்ச தூரம் திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போய்ச் சேரும். டயர் ஊளையிடும். இந்தச் சாகினா ஊரில் எங்கள் மாதிரி ஆட்களுக்கு இப்போது ஒரே பைத்தியம்தான். மேலே பார்த்தால் பழைய கார், அடியில் படுத்துப் பார்த்தால் இன்றைய கார். வேலையை விட்ட பிறகு என் ஷெட்டில் நான் செய்துகொண்டிருந்தது அதுதான்.

பனி உருகிய கையோடு ராய்ஸ் அதைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“டெல், கிழவிக்கு இடுப்பெலும்ப மாத்தணும்டா. நல்லாத்தான் ஓடுறா. திரும்புன்னு சொன்னா மட்டும் திட்டுறா.”

“மாத்திரலாம். அப்புறம் உன் இடுப்பு தாங்குமா?”

“என் இடுப்பு கிடக்கட்டும். வந்தவனுக்கு ஒரு வாய் காபி குடுக்க இந்த வீட்டுல ஆளில்ல, நீ பேச வந்துட்ட.”

அவன் வண்டிச் சத்தம் கேட்டதுமே என் மனைவி நடீன் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். எப்போதும் அப்படித்தான். செத்துப்போன முதல் புருஷனின் துக்கம் இன்னும் ஆறவில்லை, பழைய பவுண்டரி ஆட்களைப் பார்த்தால் அவளுக்கு அது கிளறிவிடுகிறது என்று ராய்ஸ் நினைத்துக்கொண்டிருந்தான். நானும் அவனை அப்படியே நினைக்க விட்டிருந்தேன்.

வேலையைச் சுத்தமாகச் செய்தேன். முன்சட்டமும் உடம்பும் சேருமிடத்தில் நைந்துபோயிருந்த ரப்பரை எடுத்துவிட்டு அலுமினியக் கட்டை வைத்தேன். முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் இடையே இரும்புக் குழாய் கொடுத்துப் பற்றவைத்தேன். பின்னால் இருந்த கமான் பட்டையைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டேன். நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். விரலை அசைத்தாலே கேட்கும் ஸ்டீயரிங். கார் சாயாமல் தாங்குவதற்கு முன்னும் பின்னும் தடித்த கம்பி. கோடை பாதி கழிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டயர் மட்டும்தான் பாக்கி. அகலமான சாதாரணத் தெரு டயரைத்தான் மனதில் வைத்திருந்தேன்.

பிறகு மனதை மாற்றிக்கொண்டேன். பந்தயத் தடத்துக்கென்று வார்த்த டயரை வரவழைத்தேன். வெயிலில் அது தார்ச்சாலையை அட்டை மாதிரி கவ்வும். குளிரில் கல்லாகிவிடும், சத்தம் போடாமலே வழுக்கும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை, இந்த வேலையில் கைவைத்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ராய்ஸ் கைவைத்தவன் இல்லை, ஓட்டத் தெரிந்தவன் மட்டும்தான். அதுவும் ஆயுள் முழுக்கப் பழைய டயரில். டயர் ஊளையிட்டால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பான். அந்த ஒரு பழக்கம்தான் குடித்திருந்த நாட்களிலும் அவனை உயிரோடு வீடு சேர்த்தது. எத்தனையோ வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அந்தக் காலைப் பார்த்திருக்கிறேன்.

பின்பக்கத்துத் தாங்குகம்பியின் நுனியில் மூன்று துளைகள் உண்டு. எதில் பூட்டுகிறோமோ அதற்குத் தகுந்தபடி பின்பக்கம் விறைக்கும். நான் மிக விறைப்பான துளையில் பூட்டினேன். முன்கம்பியை மிக இளக்கமான துளையில். அப்படிப் பூட்டிய கார் வளைவில் கத்தி மாதிரி திரும்பும். ஆனால் வளைவின் நடுவில் பயந்து காலை எடுத்தால் வால் முன்னால் வந்துவிடும். துளைகளைப் போட்டது அந்தக் கம்பியைச் செய்தவர்கள், உபயோகிப்பதற்காகத்தான் போட்டிருக்கிறார்கள். எந்தத் துளையும் தவறில்லை. உங்கள் நிபுணர் அதைப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு நல்ல வேலை என்று நினைத்திருப்பார்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம், தார் இளகும் வெயிலில், இரண்டு பேரும் ஆற்றோரச் சாலைக்குப் போனோம். முதல் வளைவில் ராய்ஸ் பயந்து பயந்து திருப்பினான். இரண்டாவதில் சிரித்தான்.

“இவ சத்தமே போடலியேடா.”

“தாங்க முடியலன்னாதான் சத்தம் போடுவா. இவ தாங்குறா.”

“இன்னும் அமுக்கலாமா?”

“அமுக்கு.”

அன்று மாலைவரை அமுக்கினான். ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கூடுதலாக. சத்தம் வராதவரை பயமில்லை என்று அவன் காலுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். வாயால் அதிகம் பேசவில்லை, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். நான் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் அவனுக்குத் தைரியம் வந்தது.

எங்கள் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். நவம்பர் பிறந்ததும் சாலைப் பனியை உருக்க உப்பு லாரிகள் கிளம்பிவிடும். சாலையில் உப்பு விழுந்தால் பழைய இரும்பு ஒரே குளிர்காலத்தில் அரித்துப்போகும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கார்களை எடுத்துக்கொண்டு உணவகத்தில் கூடி, முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்றுவிட்டு, ஆற்றோரமாகக் கடைசி ஓட்டம் ஒன்று போய்வந்து போர்வை போட்டு மூடுவோம். அன்று புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. பந்தய டயர் வைத்திருப்பவர்கள் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு பிக்கப் வண்டியில் வந்திருந்தார்கள். ராய்ஸின் காரை அன்று காலைவரை என் ஷெட்டிலேயே வைத்திருந்து, உணவகத்துக்கு நானே மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ச் சாவியைக் கொடுத்தேன். அங்கிருந்த இன்னொருவன் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவனிடம் ஒரு காபி வாங்கிவரச் சொன்னேன்.

குளிரில் இந்த டயரை நம்பாதே என்று யாரிடம் காரைக் கொடுத்தாலும் சொல்வேன். என்னிடம் வேலைக்குக் கொடுத்தவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். ராய்ஸிடம் சொன்னது வேறு.

“அன்னிக்கு ஓட்டுனியே, அதே மாதிரி ஓட்டு.”

“நீ பக்கத்துல வரலியா? பயமா?”

“திரும்பி வர எனக்கு வண்டி வேணாமா? பின்னாலயே வரேன், போ.”

இன்னொருவனின் பிக்கப்பை வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். பழைய ரயில் பாலத்து வளைவில் காரின் வால் மெதுவாக முன்னால் வந்தது. கதவு திறப்பது மாதிரி, அவ்வளவு சாவகாசமாக. டயர் முனகக்கூட இல்லை. ஓட்டுபவன் பக்கமாகத்தான் பாலத்தின் கான்கிரீட் தூணில் மோதியது. முதலில் போய்ச் சேர்ந்தவன் நான். அவனுக்கு உயிர் கொஞ்சம் இருந்தது. என்னைப் பார்த்து, “டெல், சத்தமே வரலியேடா” என்றான். குறை சொல்லவில்லை. எனக்கு அந்த விஷயம் தெரியவேண்டும், அடுத்த தடவை சரிசெய்ய வேண்டும் என்கிற மாதிரி சொன்னான்.

ஏன் என்று கேட்பீர்கள். என் தம்பி வெண்டலுக்காக.

வெண்டல் நடீனின் முதல் புருஷன். ஒடிசலான ஆள். அவனுக்கும் பவுண்டரியில்தான் வேலை, செத்த அன்று வார்ப்பு வரிசையில் நின்றான். ராய்ஸ் மேலே கிரேன் ஓட்டினான். கிரேன் நகர்ந்தால் மணி அடிக்கவேண்டும், கீழே நிற்பவன் ஒதுங்குவான். அன்று மணி அடிக்கவில்லை. தொங்கிக்கொண்டு வந்த வார்ப்புப் பெட்டி முதுகைக் காட்டி நின்றவனைத் தூணோடு சேர்த்து வைத்து அமுக்கிவிட்டது. அதிர்வில் மணியின் ஒயர் கழன்றிருக்கிறது, யார் மேலும் குற்றமில்லை என்று விசாரணையில் முடித்தார்கள். அதன் பிறகு நான் நடீனைக் கட்டிக்கொண்டேன். ஊரில் யாரும் தப்பாகப் பேசவில்லை, தம்பி குடும்பத்தைத் தாங்குகிறான் என்றார்கள். ஒருநாள் அவள் மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்டாள். தலைவலி தாங்காமல் ராய்ஸ்தான் ஒயரை வெட்டினான் என்று சொன்னேன். சொன்னதிலிருந்து அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வெறுப்பதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டால் துக்கம் பாதி குறைகிறது. அவன் பெயரைச் சொல்லித் திட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவாள். நன்றாகச் சாப்பிடுவாள்.

இதை இப்படியே எழுதிக்கொண்டு போயிருப்பீர்கள், எனக்கும் அது போதும் என்றுதான் உள்ளே வரும்போது நினைத்தேன். ஆனால் நீங்கள் டயர் வாங்கிய தேதியைக் கேட்டீர்கள். ஆகஸ்டு கடைசி என்றதும், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டீர்கள்.

ராய்ஸ் போன குளிர்காலத்தில் குடியை விட்டான். தேவாலயத்து நிலவறையில் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போய்வந்தான். அவர்களுக்கு அதில் ஒரு படி உண்டு. யார் யாருக்கு அநியாயம் செய்தோமோ அவர்கள் முன்னால் போய் நின்று வாயால் சொல்லவேண்டும். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தான். ஆகஸ்டில் என் ஷெட்டுக்கு வந்து கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்தான்.

“நடீன்கிட்ட சொல்லிரணும் டெல். இந்த மணி இடி இடிக்குதுன்னு நான் பொலம்பினேன். நீ ஒயர வெட்டுன. ரெண்டு பேருமா போய்ச் சொல்லிருவோம்.”

“எதுக்கு இப்ப? வெண்டல் எந்திரிச்சு வரப்போறானா?”

“அவனுக்காக இல்லடா. குடிய விட்டதும் எல்லாச் சாப்பாடும் ருசிக்குதுங்கிறானுங்க. எனக்கு எத வாயில வச்சாலும் துருதான்.”

“நான் மாட்டேன்னா?”

“நான் மட்டும் போய்ச் சொல்லுவேன். உன்ன மாட்டிவிட இல்ல. ஆனா பொய் சொல்லாம உன் பேர விட முடியாதே.” கொஞ்ச நேரம் காரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “இப்ப வேணாம். கடைசி ஓட்டம் முடியட்டும். நவம்பர் கடைசில நன்றித் திருநாள் வருதே, அன்னிக்கு வந்து சொல்றேன். நல்ல நாளாச்சே.”

ஒயரை வெட்டியது நான்தான். ராய்ஸ் புலம்பினான் என்பது உண்மை, புலம்பாத ஆள் அங்கே யாருமில்லை. வெட்டிவிட்டு, தானாகக் கழன்றது போல முனையை நைத்துவிட்டேன். அவன் கீழே இறங்கி வந்து என் முதுகில் தட்டி, புண்ணியவான் என்றான்.

ராய்ஸைக் கொன்ற காரணத்தோடு இதைக் குழப்பவேண்டாம். ராய்ஸ் கிரேனை ஓட்டினான், அவன் கீழே பார்த்து ஓட்டியிருக்கலாம். வெண்டல் செத்தது அவன் கையால்தான். நான் செய்தது ஒரு ஒயர்.

உள்ளே வந்த உடனே நீங்கள் ஒன்று கேட்டீர்கள், பதில் சொல்லாமல் இருந்தேன். எல்லாம் முடிந்துபோன வழக்குக்கு நானாக ஏன் வந்தேன் என்று. ராய்ஸ் செத்த பிறகு ஷெட்டில் எந்தக் காரில் வேலை செய்தாலும் பக்கத்து இருக்கை அமுங்கியிருக்கிறது. பட்டப்பகலில்தான். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று இருக்கையைப் பிரித்து ஸ்பிரிங்கை மாற்றினேன். மறுபடியும் அமுங்கியது. காரைச் சமதரையில் நிறுத்தி அளந்தேன், அந்தப் பக்கம் ஒரு ஆள் பாரம் தாழ்ந்திருந்தது. ராய்ஸ் என்றால் எனக்குப் பயமில்லை, அவனோடு ஆயுள் முழுக்கப் பேசியிருக்கிறேன். ஆனால் ராய்ஸ் பருத்த ஆள். இருக்கையில் இருக்கும் அமுக்கம் அவ்வளவு ஆழமில்லை. ஒடிசலான ஒருவன் உட்கார்ந்தால் அப்படி இருக்கும். அது யார் என்று நான் யோசிப்பதில்லை.

வெண்டல் செத்த இடம் அவன் வழக்கமாக வேலை செய்யும் இடம்தானா என்று கேட்கிறீர்கள். இல்லை. வெண்டலை அன்றுதான் அந்த வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். முந்தின நாள் சாப்பாட்டு வேளையில் என்னிடம் சொன்னான். நடீன் கொடுத்தனுப்பிய ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டே சொன்னான். ஒயரை நான் வெட்டியது அதற்குப் பிறகுதான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. மணிச்சத்தம் எல்லோருக்கும் தொந்தரவாக இருந்தது.

எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். வக்கீல் வேண்டாம். ராய்ஸைக் கொன்றது நான்தான், தெரிந்தே, கார் வேலையில் எனக்குத் தெரிந்த அத்தனையையும் வைத்துக் கொன்றேன். ஒரே ஒரு உதவி கேட்கிறேன். நடீன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை உள்ளே கூப்பிட்டு, உன் புருஷன் டெல், வெண்டலுக்காக ராய்ஸைக் கொன்றிருக்கிறான் என்று சொல்லுங்கள். அழுவாள், ஆனால் தாங்கிக்கொள்வாள், எனக்குச் சாப்பாடுகூடக் கொண்டுவருவாள். ஒயரைப் பற்றி மட்டும் அவளிடம் சொல்லவேண்டாம். அவள் மனது நோகக்கூடாது என்றுதானே நான் இவ்வளவும் செய்தது.