யாகூபின் மணிக்கட்டு

நான் கார் ஓட்டுவதும் கோல்ஃப் ஆடுவதும் ஒரே மாதிரித்தான். நேரே போக வேண்டியது இடப்பக்கம் போய்விடும். எண்பத்தொன்றில் ஒரு ஞாயிறு, அலுவிகாரை வளைவில் என் மொரிஸ் மைனரும் அப்படிப் போய்த்தான் மதகில் முட்டியது. எனக்குக் கீறல்கூட இல்லை. பக்கத்தில் இருந்த யாகூபுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

யாகூப் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மாத்தளையில் டிஸ்பென்சரி போட்ட தனிக்கட்டை. தோட்டத்துரைமார் விட்டுப்போன கிளப் புல்வெளியில், மாடு மேய்ந்த மிச்சத்தில், ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும்தான் ஆடுவோம். அவர் அடிப்பதைப் பார்க்கவேண்டும். மட்டை இறங்கி வரும்போதும் மணிக்கட்டு மடிந்தே இருக்கும். பந்தைத் தொடும் கடைசிக் கணத்தில்தான் அவிழும். பாக்குவெட்டியில் பாக்கு உடைவதுபோல ஒரு சத்தம். நான் அடித்தால் பந்தைவிடப் புல்கட்டிதான் தூரம் போகும்.

அடுத்த மாதம் அவர் ஜித்தாவுக்குப் போவதாக இருந்தது. அங்கேயும் படம் வரையும் வேலைதான். அவர் மனைவி ஸுலைஹா பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டாள்.

எலும்பை நானே சேர்த்தேன்.

"நேரா வருமா டொக்டர்?"

"என்ட காரைவிட நேரா வரும்."

வலியோடு சிரித்தார், பாவம். கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் திருப்பியிருந்தால் நேராக வந்திருக்கும். பெரிய வித்தை இல்லை. நான் இழுக்கவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன, அவ்வளவுதான். கோணலாகவே வைத்து மாவுக்கட்டைச் சுற்றினேன். மாவு நல்ல மாவு, உடனே இறுகிவிட்டது.

பிறகு அவர் போட்ட கோடெல்லாம் நடுங்கின. ஜித்தா வேலை வேறு யாருக்கோ போனது. கந்தோரும் கைவிட்டது. தம்புள்ளையில் மச்சானின் வெங்காயக் கடையில் வேலைக்கு நின்றார்.

எண்பத்துமூன்று ஜூலையில் அவர்தான் என்னைத் தன் வீட்டில் ஒளித்துவைத்தார். தமிழரைத் தேடித் தடிகளோடு வந்தவர்களிடம், உள்ளே பெண்கள் மட்டும்தான் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வாசலை மறித்து நின்றார். கோணல் கை இடுப்புச் சாரத்து மடிப்புக்குள் இருந்தது. அவர் ஜித்தா போயிருந்தால் என் கதி என்ன? நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்தக் கட்டு எல்லோருக்கும் நல்லதாகவே முடிந்தது என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

மட்டை பிடிக்க முடியாதவர் எனக்குப் பழக்க வந்தார். ஞாயிறு தவறமாட்டார்.

"மேல இருந்தே மணிக்கட்ட அவிழ்த்திடுங்க டொக்டர்."

அவிழ்ப்பேன். புல் பறக்கும்.

"இன்னும் முந்தி."

இன்னும் முந்தி அவிழ்ப்பேன். இப்படியே இருவருக்கும் தலை நரைத்தது. என் பந்து மட்டும் அங்கேயே கிடந்தது.

போன மாதம் முடியாமல் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"யாகூப், உண்மையச் சொல்லுங்க. இத்தன வருஷத்தில ஒரு பந்தாவது ஏன் சரியாப் படல்ல?"

எப்போதும் "வரும் டொக்டர்" என்பவர், அன்று கோணல் கையால் என் மட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"முந்தி அவிழ்த்தா படாது. அது எனக்குத் தெரியும். கட்ட பிரிச்ச அண்டைக்கே எல்லாம் வெளங்கிட்டு, டொக்டர். நீங்க என்ட கைய எப்பிடி வெச்சுக் கட்டினீங்களோ, அப்பிடித்தான் நானும் ஒங்கட கையப் பழக்கினேன்."

எனக்கு மனமே விட்டுப்போயிற்று. ஒரு சிநேகிதனுக்கு, தெரிந்துகொண்டே, இப்படியும் ஒருவர் செய்வாரா?