இயந்திரம் நின்றால் உள்ளே போவது யார்?

நான் எழுந்து வரும்போதே, "காசிராஜா, மனசுல பட்டதப் பேசு, ஆனா கம்பெனி பேர மட்டும் சொல்லிராத" என்று காதோடு எச்சரித்து அனுப்பிய, நம் பட்டாசுத் தொழிலாளர் சங்கத்தின் தலைவி, இந்த அவையின் தலைமை வேலுத்தாய் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் துண்டால் விசிறியபடி வீற்றிருக்கும் எம். புதுப்பட்டிப் பெரியவர்களே! வேனை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல், வெள்ளி மருந்து இன்னும் நகக்கண்ணில் மினுங்க, நேரே இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தோள் கொடுக்கும் தோழர்களே! அதோ, சுவரோரம் ஒதுங்கி நிற்கும் இரண்டு புதுமுகங்களே! கேட்பதற்காக வந்தீர்களோ, கேட்டதைப் போய்ச் சொல்வதற்காக வந்தீர்களோ, எனக்குத் தெரியாது. எதற்காக வந்திருந்தாலும் உங்களுக்கும் இந்த எளியவனின் வணக்கம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சந்தேகப்படாமல் சிரிக்காதீர்கள்! இன்றைக்கு நான் உங்களுக்குத் தைரியம் சொல்ல வரவில்லை. சந்தேகம் சொல்ல வந்திருக்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை நம் கம்பெனிக்குப் புதிதாக ஒரு துப்புரவு இயந்திரம் வருகிறதாம். ரோபோவாம். வெடிமருந்து கலக்கும் மருந்து ரூமில் மனிதர் நுழைய வேண்டாமாம். அதுவே போய்க் கூட்டுமாம், துடைக்குமாம், திரும்புமாம். பூஜை உண்டாம், பூந்தி உண்டாம், சங்கத்துக்கு அழைப்பும் உண்டாம். வேண்டாம் என்பேனா? மருந்தைக் கூட்டி நெஞ்சு காய்ந்தவர்கள் நிறைந்த ஊரில் நின்றுகொண்டு, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? வராது. ஆனால் கும்பிட்டு வரவேற்கும் முன்னால், போன வருஷம் வந்த இயந்திரத்தின் கதையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

யாரப்பா அது, "தெரிஞ்ச கததான" என்கிறது? தெரிந்த கதையைத்தான் தம்பி, நாம் சீக்கிரம் மறக்கிறோம்!

அது வந்தது தை மாதத்தில். காலை வெயில் கன்னத்தைத் தொட்டால் சுகமாக இருக்கிற மாதம். முதுகில் தகரமும் வயிற்றில் குப்பைப் பெட்டியும் நெற்றியில் ஒற்றைக் கண்ணாடிக் கண்ணுமாக ஊர்ந்து வந்ததைப் பார்த்து, நம் பெண்கள் 'ஆமை' என்று பெயர் வைத்தார்கள். அதை ஓட்டுவதற்கு ஓர் ஆளைக் கம்பெனியே கொண்டுவந்தது. திருத்தங்கலில் மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்த இக்பால். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மடியில் ரிமோட்டும் முன்னால் சின்னத் திரையுமாக அவர் ஓட்ட, ஆமை மருந்து ரூமுக்குள் போய்த் தண்ணீர் தெளித்து, தூளை வழித்து வயிற்றில் போட்டுக்கொண்டு வெளியே வரும்.

அதுவரை அந்த ரூமைக் கூட்டியவர் யார்? இதோ, இந்த மேடையின் ஓரத்தில், முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, மாடத்தி அக்கா! ஆமை வந்த அன்றே அவரைத் திரி அறுக்க அனுப்பினார்கள். கூலி குறைந்தது. கோபம் கூடியது. அந்தக் கோபம் யார்மேல் விழும்? முதலாளி கண்ணில் படுவதில்லை. இக்பால் தினமும் கண்ணெதிரே மரத்தடியில் இருக்கிறார்!

ஒருநாள் ஆமை வெளியே வந்தபோது, மாடத்தி அக்கா தன் ஈரச் சாக்கை எடுத்து அதன் கண்ணைப் பொத்தியே விட்டார்.

"அக்கா, அது தரையத்தான் பாக்குது. எடுத்துருங்கக்கா" என்றார் இக்பால்.

"தரையப் பாக்கதுக்கு எதுக்குலே அம்புட்டுப் பெரிய கண்ணு? எங்கள வேவு பாத்துச் சொல்லத்தான ஒன்னய வச்சிருக்காக?"

இக்பால் எழுந்து வந்தார். சாக்கை எடுத்து உதறி மடித்து, அவர் கையிலேயே கொடுத்தார். அந்தப் பணிவும் சந்தேகத்தைத்தான் வளர்த்தது. "வாயத் தெறக்க மாட்டேங்கான் பாரு, அழுத்தக்காரன்" என்று வேனில் பேசிக்கொண்டே வந்தார்கள். இல்லையென்று சொல்லுங்கள் தாய்மார்களே!

தை போனது, மாசி போனது. வந்தது அக்னி நட்சத்திரம். தார் இளகி, தகரம் தகித்து, தாரையாய் வேர்வை வழிகிற நாட்கள். ஆமை அடிக்கடி நின்றது. சூடு ஓர் அளவைத் தாண்டினால் அது தானாக நின்றுவிடுமாம். தை மாதத்தில் ஓட்டிக் காட்டியவர்கள் அதை நமக்குச் சொன்னார்களா? ஏன் சொல்லவில்லை? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. மனிதன் நுழையக்கூடாத இடத்துக்குள் போய் இயந்திரம் நின்றுவிட்டால், அதை எடுத்துவர உள்ளே போவது யார்?

ஒருநாள் உச்சி வெயிலில், மருந்து ரூமின் நட்டநடுவில் நின்றுவிட்டது ஆமை. வெளியே லாரி காத்திருந்தது. போர்மேன் பதறினார். கண்ணில் பட்டவர் மாடத்தி அக்கா.

"ஏத்தா மாடத்தி, லோடு போகணும். உள்ள போயி அது பின்னால இருக்க பட்டன ஒரு அமுக்கு அமுக்கிட்டு வா. ஒனக்குத் தெரியாத ரூமா?"

அக்காவுக்கு என்ன தோன்றியது தெரியுமா? பயம் வரவில்லை. மகிழ்ச்சி வந்தது! இந்த ஆமை ஆகாது என்று தெரிந்துவிட்டால், தன் வேலை தனக்குத் திரும்பும் அல்லவா? விறுவிறுவென்று நடந்தார்.

மரத்தடியில் ரிமோட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தார் இக்பால். அவரை முந்திக்கொண்டு போய் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"போகாதீகக்கா. குப்பப் பெட்டி உள்ள காந்துது. நின்னதுலயிருந்து ஒரு வாட வருது."

"தள்ளுலே! எம்பொழப்பப் பிடுங்குனது பத்தலையா ஒனக்கு? நான் கூட்டுன ரூமு இது!"

"நீங்க என்ன வேணாலும் ஏசுங்க. உள்ள மட்டும் போகாதீக."

"இக்பால், வழிய விடு. ஒன் வேல போயிரும், சொல்லிட்டேன்!" என்று தூரத்தில் நின்றே கத்தினார் போர்மேன். கவனியுங்கள்: தூரத்தில் நின்றே!

"போகட்டும் சார்."

அப்படிச் சொன்னவர், வாசல்படியின் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். "என்னைய மிதிச்சிட்டுத்தான்க்கா நீங்க போகணும்."

அக்கா காலைத் தூக்கினார். ஆம், தூக்கினார்! அவரே என்னிடம் சொன்னது. அந்த நேரத்தில்தான் காற்று திரும்பியது. மூக்கைக் குத்தும் அந்த வாடை அவர் முகத்தில் அடித்தது. ஈரத் தூளை மூடி வைத்தால் புழுங்கிப் புழுங்கித் தானே சூடேறும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தூக்கிய காலைப் பின்னால் வைத்தார். "எந்திரிலே, ஓடு!" என்று அலறினார். இருவரும் வேப்பமரத்தை நெருங்கும்போது, ரூமின் கூரை ஆகாயத்தில் இருந்தது!

உயிர்ச்சேதம் இல்லை. பறந்து வந்த ஓட்டுச்சில் இக்பாலின் தோளைக் கிழித்தது, அவ்வளவுதான். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடிந்ததா? முடிய விட்டோமா?

தையல் போட்ட தோளோடு, அன்று மாலையே இக்பாலைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். வெடிக்கப் போவது அவனுக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்று கம்பெனி கேட்டதாம். டீக்கடைக்குள் அந்தக் கேள்வி நுழைந்ததும் அதற்குக் கைகால் முளைத்தது. "ரிமோட்டு அவன்கிட்டதான இருந்துச்சு?" என்றார் ஒருவர். "ஆளு பேரக் கேட்டியாலே?" என்றார் இன்னொருவர். பேரைக் கேட்டார்கள் ஐயா, பேரை! பெட்டி ஏன் காந்தியது என்று கேட்கவில்லை. வெயிலில் ஏன் ஓட்டச் சொன்னாய் என்று கேட்கவில்லை. உள்ளே போ என்று ஒரு பெண்ணை அனுப்பியது யார் என்று கேட்கவில்லை. பட்டனைப் பற்றிக் கேட்க வேண்டிய ஊர், பேரைப் பற்றிக் கேட்டது!

அதற்குள் போர்மேன் மாடத்தி அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். பழைய வேலை திரும்பக் கிடைக்குமாம். அவன் ரிமோட்டை அமுக்கியதைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னால் போதுமாம். அவர் போன பிறகு இக்பாலின் மனைவி அப்சானா வந்து வாசலில் நின்றார்.

"நீ எதுக்குத்தா வந்த? நான் என்ன சொல்லணுமின்னு சொல்லிக்குடுக்க வந்தியா?" என்றார் அக்கா. அவரால் அப்போது யாரைத்தான் நம்ப முடியும்?

"நடந்தத நடந்தபடி சொல்லுங்கக்கா. வேற ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார் அப்சானா.

ஒருவர் வேலை கொடுத்துப் பொய் கேட்கிறார். இன்னொருவர் எதுவும் கொடுக்காமல் உண்மை கேட்கிறார். எதைச் சந்தேகிப்பது என்று அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. மறுநாள் காலை, கம்பெனி வேனில் ஏறாமல் காவல் நிலையத்துக்குப் பஸ் ஏறினார். துணைக்கு நான் போனேன்.

"அவன் ரிமோட்ட அமுக்குனதப் பாத்தியாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரிமோட்டு மரத்தடியில கெடந்துச்சு சார். அவன் வெறுங்கையோட வாசப்படியில உக்காந்திருந்தான்."

"எதுக்கு உக்காந்தான்?"

"என்னைய உள்ள விடாம இருக்கத்தான். வெடிக்க வைக்கிறவன் வெடிக்கிற வாசல்லயா சார் வந்து உக்காருவான்? தூரமா நின்னு என்னைய உள்ள போகச் சொன்னாகளே, அவுகள ஏன் சார் ஒருத்தரும் கூப்பிடல?"

இன்ஸ்பெக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அன்று பொழுது சாயும் முன் இக்பால் வீடு வந்து சேர்ந்தார்.

கை தட்டாதீர்கள், இன்னும் இருக்கிறது! வீடு வந்தார், வேலைக்கு வரவில்லை. கம்பெனி எடுக்கவில்லை. இப்போது வரப்போகும் இயந்திரத்துக்கு ஆள் தேடுகிறார்கள். "இக்பால் இருக்கிறாரே, ஓட்டிப் பழகியவர்" என்று சங்கம் கேட்டது. "யாரை வேண்டுமானாலும் சொல்லுங்கள், அந்த ஆள் மட்டும் வேண்டாம்" என்றது பதில். ஏன்? அந்த ஆள்மேல் வழக்கு இருக்கிறதா? இல்லை. வேலை தெரியாதா? தெரியும். பிறகு என்ன குறை? ஒரே குறைதான். அவர் வாசலில் உட்காருவார்! போகாதே என்பார்! வேலை போகட்டும் என்பார்! தடுக்கத் தெரிந்தவரை ஓட்ட விடமாட்டார்களாம். தலையாட்டத் தெரிந்தவர் போதுமாம். இதை நீங்கள் சந்தேகிக்காவிட்டால், வேறு எதைத்தான் சந்தேகிப்பீர்கள்?

ஆகவே தாய்மார்களே, தோழர்களே! திங்கட்கிழமை பூந்திக்குக் கை நீட்டாதீர்கள். கேள்விக்குக் கை நீட்டுங்கள். மருந்தில்லாத வெற்று ரூமில், சுடுகிற மத்தியான வெயிலில், நம் கண் முன்னால் அது ஓடட்டும். நின்றால் வெளியிலிருந்தே இழுக்கக் கயிறு கட்டட்டும். ஓட்டுவது இக்பாலாக இருக்கட்டும்! இதற்குச் சம்மதம் வரும்வரை எந்தப் பெண்ணும் அந்த மருந்து ரூம் படி ஏறமாட்டாள். சம்மதமா? என்ன, பின்னால் சத்தமே இல்லை... சம்மதமா? ஆ! அந்தச் சத்தம் சிவகாசி வரை கேட்டிருக்கும்!

மைக்கை இவ்வளவு நேரம் எனக்கே விட்டுவைத்த தலைவி அவர்களுக்கும், பசியோடு இருந்து கேட்ட தாய்மார்களுக்கும் நன்றி. கூட்டத்தின் கடைசியில், மனைவியோடு நின்று கேட்டுக்கொண்டிருக்கும் இக்பால் தம்பிக்கு என் ஸலாம். ஏன் தம்பி அங்கேயே நிற்கிறீர்கள்? அடடே, இதோ, மாடத்தி அக்கா எழுந்துவிட்டார்... மேடையை விட்டு இறங்கி உங்களிடம்தான் வருகிறார். வழி விடுங்கள், வழி விடுங்கள்! அக்கா தம்பியின் கையைப் பிடித்துக் கூட்டிவரும்வரை நாம் எழுந்து நிற்போம். அனைவருக்கும் வணக்கம்!